பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம்: சின்னவளுக்கு மூன்று வயது முடியப் போகிறது, இப்போது மனுப் போட்டால் கிடைக்குமா?

சென்னிமலை தறிவீடு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் ஒன்றாம் வகுப்பு போகிறாள். சின்னவளுக்கு வருகிற தைப்பூசத் தேர் முடிந்த கையோடு மூன்று வயது முடிகிறது. வீட்டுக்காரர் நெசவாளர் சொசைட்டிக்குப் போர்வை நெய்கிறார், வீட்டிலேயே குழித்தறி, நான் தறிக்கு நூலைத் தார் சுற்றிக் கொடுப்பேன், நெய்யப் பாவு நூல் வராத மாதத்தில் இரண்டு பேரும் தோட்டத்து வேலைக்குப் போவோம். அதனால் மாத வருமானம் இவ்வளவு என்று யாராவது கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

இரண்டும் பெண் குழந்தைகளாக இருந்தால் அரசாங்கம் ஒவ்வொரு குழந்தை பெயரிலும் 25,000 ரூபாய் டெபாசிட் போடும், பதினெட்டு வயதில் வட்டியோடு வரும், நடுவில் படிப்புச் செலவுக்கும் வருடா வருடம் கொஞ்சம் கொடுப்பார்கள் என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னார். மூன்று வயதுக்குள் மனுப் போட வேண்டும் என்றும் சொன்னார். அப்படியென்றால் பெரியவளுக்கு ஆறு வயது ஆகிவிட்டதே, அவளுக்குக் கிடைக்காதா? சின்னவளுக்கு மட்டும்தானா?

அடுத்தது, சின்னவள் பிறந்தபோதே அரசு ஆஸ்பத்திரியில் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் ஆபரேஷன் செய்ததாக எழுதியிருக்கிறது. அது போதாது, தனியாகச் சர்டிபிகேட் வேண்டும் என்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்று யாரும் கொடுக்கவே இல்லை. மூன்று வருடம் கழித்துப் போய்க் கேட்டால் கொடுப்பார்களா?

இதற்கு நடுவில் ஒரு பிரவுசிங் சென்டரில் விசாரித்தால் எல்லாச் சான்றும் சேர்த்து முடித்துத் தர 4,000 ரூபாய் கேட்கிறார்கள். வருமானத்தை நாங்களே 72,000 என்று போட்டு வாங்கிவிடுவோம், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் என்றும் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரியவளைத் தனியார் நர்சரிப் பள்ளியில்தான் விட்டிருக்கிறோம், அதனால் ஏதாவது தடை வருமா என்பதும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். நாள் குறைவாக இருக்கிறது.

அந்தியூர் அம்மா:

அக்கா, முதலில் பயப்படாதீர்கள். மூன்று வயதுக் கணக்கு இரண்டாவது குழந்தைக்குத்தான். சின்னவளுக்கு மூன்று முடிவதற்குள் மனு உள்ளே போய்விட்டால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் போடுவார்கள், ஆளுக்கு 25,000. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், பெரியவளுக்கு நாலு வயது தாண்டிய பிறகுதான் போட்டோம், இரண்டு பேர் பெயரிலும் தனித்தனி ரசீது வந்தது. ஒரே பெண் குழந்தையோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு 50,000, அவர்கள் அந்தக் குழந்தைக்கு மூன்று வயதுக்குள் போட வேண்டும்.

பள்ளிக்கூடம் எதுவாக இருந்தாலும் இந்தத் திட்டத்துக்குத் தடை இல்லை. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பிரவுசிங் சென்டருக்கு 4,000 கொடுக்காதீர்கள் அக்கா. தாலுகா ஆபீஸ் வளாகத்தில் இருக்கிற அரசு இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய்தான் வாங்குவார்கள். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, ஆண் குழந்தை இல்லை என்கிற சான்று எல்லாமே அங்கேதான். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, ஓடிபி வருகிற போன், இவ்வளவும் கையில் இருக்க வேண்டும். போன் உங்கள் வீட்டுக்காரர் கையில் இருந்து அவர் தறியில் உட்கார்ந்திருந்தால் ஓடிபி கேட்டு அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அதனால் ஆதாரில் எந்த நம்பர் கொடுத்திருக்கிறீர்களோ அந்தப் போனோடு போங்கள்.

எல்லாச் சான்றுக்கும் ஒரே நாளில் பதிந்துவிடுங்கள். ஒன்று வந்த பிறகு இன்னொன்று என்று காத்திருந்தால் நாள் ஓடிவிடும். பதிந்த பிறகு விஏஓவை நேரில் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வந்து கிடக்கும், நாம் போய் நின்றால்தான் அன்றைக்கே பார்த்து மேலே அனுப்புவார்கள். அப்புறம் வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), அப்புறம் தாசில்தார் ஆபீஸ். ஒவ்வொரு இடத்திலும் நகர்ந்ததும் போனுக்கு மெசேஜ் வரும்.

எங்களுக்கு இழுத்தடித்தது எது தெரியுமா, இன்ஷியல். வீட்டுக்காரர் பெயர் ஆதாரில் இன்ஷியல் பின்னால், குழந்தையின் பிறப்புச் சான்றில் முன்னால், ரேஷன் கார்டில் இன்ஷியலே இல்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்றைக்கு ராத்திரியே எல்லாக் காகிதத்தையும் பாயில் பரப்பி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். சின்னவளின் பிறப்புச் சான்றில் குழந்தை பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்ததில் பெயர் இல்லாமல் பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும், நாம்தான் போய்ப் பெயர் சேர்க்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் சேர்த்தால் இலவசம், தாண்டிவிட்டால் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

பவானி ஊர்நலம் ஓய்வு:

அம்மணி, நான் சமூக நலத்துறையில் ஊர்நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தத் திட்டத்து மனுக்களைத்தான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அந்தியூர்ப் பிள்ளை சொன்னதெல்லாம் சரி. கொஞ்சம் கூடச் சொல்கிறேன்.

முதலில் கருத்தடைச் சான்று. டிஸ்சார்ஜ் ஆகும்போது அதைக் கையில் கொடுப்பதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. பெண்களுக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாதமோ அடுத்த மாதவிலக்கோ கழித்துத் திரும்ப வந்து காட்டினால்தான் சான்று எழுதுவார்கள். ஆண்களுக்கு மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத்தான். பிள்ளை பெற்ற உடம்போடு யார் திரும்பப் போய்க் கேட்கிறார்கள், அதனால்தான் பாதிப் பேர் கையில் சான்று இருப்பதில்லை. இப்போது போனாலும் கொடுப்பார்கள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், வேறு ஆஸ்பத்திரியில் தர முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டின் நகல், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று எடுத்துக்கொண்டு போய்க் குடும்ப நலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். போகும் முன் உங்கள் ஊர் நர்ஸம்மாவைப் பாருங்கள். தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் உங்கள் பெயரும் ஆபரேஷன் தேதியும் அவரிடம் இருக்கும். தேதியும் பதிவு எண்ணும் தெரிந்தால் ஆஸ்பத்திரியில் பழைய ரிஜிஸ்டரைத் தேடுவது சுலபம். உங்கள் வேலையில் முதலில் இதைத்தான் முடிக்க வேண்டும், வருவாய்த்துறைச் சான்றுகள் பின்னாலேயே வந்துவிடும், இதுதான் நாள் எடுக்கும்.

வருமானம் பற்றி. 72,000 என்பது பழைய உச்சவரம்பு. இப்போது ஆண்டுக்கு 1,20,000 வரை இருக்கலாம். ஆகவே யாரும் பொய்யாகக் குறைத்துப் போட வேண்டிய அவசியமே உங்களுக்கு வராது என்று நினைக்கிறேன். சொசைட்டிக் கூலி வங்கிக் கணக்கில்தானே ஏறுகிறது, அந்தப் பாஸ்புக்கில் பன்னிரண்டு மாதத்துக்கும் பதிவு போட்டு எடுத்துக்கொண்டு விஏஓவிடம் போங்கள். தோட்ட வேலைக் கூலியையும் வாயால் சொல்லிவிடுங்கள். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குச் செல்லும், அதே சான்று பெரியவளின் பள்ளி வேலைக்கும் உதவும். நாளைக்கு வேறொரு திட்டத்துக்கு வேறொரு தொகை போட்டுச் சான்று வாங்கினால் இரண்டும் முட்டும். உண்மையான தொகைதான் எப்போதும் நிற்கும்.

பெற்றோரில் ஒருவர் நாற்பது வயதுக்குள் கருத்தடை செய்திருக்க வேண்டும், ஆண் வாரிசு இருக்கக் கூடாது, பிற்காலத்தில் ஆண் குழந்தையைத் தத்து எடுப்பதும் கூடாது, தமிழ்நாட்டில் பத்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும். சான்றுகள் எல்லாம் சேர்ந்ததும் மனுவையும் இ-சேவை வழியாகவே பதியலாம். பதிந்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் சமூக நல விரிவாக்க அலுவலர் உட்கார்ந்திருப்பார், ஒப்புகைச் சீட்டோடு போய் அவரைப் பாருங்கள். வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதுகிறவர்கள் அவருக்குக் கீழே இருப்பவர்கள்தான். அங்கே ஏதாவது சிக்கல் என்றால் மாவட்ட சமூக நல அலுவலர், அவர் ஈரோட்டில் கலெக்டர் ஆபீஸில்.

மனு ஏற்கப்பட்டால் பணம் தமிழ்நாடு மின்விசை நிதி மற்றும் அடிப்படை வசதி மேம்பாட்டுக் கழகத்தில் டெபாசிட்டாகப் போடப்படும், குழந்தை பெயரில் ரசீது வரும். ஊரில் அதைப் பாண்டு என்பார்கள். டெபாசிட் போட்ட ஆறாவது வருடத்திலிருந்து ஆண்டுக்கு 1,800 ரூபாய் படிப்புக்கு வரும். பதினெட்டு வயது முடிந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் எழுதியிருந்தால்தான் முதிர்வுத் தொகை. இதை எல்லா அம்மாக்களிடமும் நான் அழுத்திச் சொல்வேன். பத்தாவது எழுதாமல் நின்றுவிட்டால் அந்தப் பணம் பிள்ளைக்கு வராது. இவ்வளவு லட்சம் கிடைக்கும் என்று யாராவது துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் அதை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள், வட்டி மாறும்.

இந்தத் திட்டம் 1992இல் வந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் நம் பக்கத்துச் சேலத்தில் தொடங்கியதும் அதே வருடம்தான். பெண் பிள்ளை பிறந்தால் உயிரோடு விடாத வீடுகள் அப்போது இருந்தன, அதை வாயால் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இந்த டெபாசிட் எதற்காக வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் படிப்போடும் பதினெட்டு வயதோடும் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கிற மற்றப் பெண்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 25,000 வருகிறது என்பதற்காக யாரும் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டாம். போதும் என்று நீங்களும் வீட்டுக்காரரும் மனதார முடிவெடுத்த பிறகு செய்யுங்கள், அப்புறம் இந்தப் பணத்தை உரிமையோடு கேளுங்கள்.

திருப்பூர் ஓவர்லாக்:

நானும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் இரண்டும் பெண்கள்தான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000. திருப்பூரில் ஷிப்டு ஒழுங்காகப் பார்க்கிற எவனுக்கும் அதைவிடக் கூடத்தான் வருகிறது, பிஎஃப் பிடிக்கிற கம்பெனி என்றால் சம்பளச் சீட்டிலேயே தெரிந்துவிடும். வாடகை, மளிகை, பள்ளிக்கூடத்து வேன் எல்லாம் போக மிச்சம் ஒன்றும் இல்லை என்பது வேறு கதை. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது, வரம்பை ஏற்ற வேண்டும் என்று நான் கிராம சபையிலும் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன். ஆனால் குறைத்துப் போட்டு வாங்குவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

என்னைப் போல வரம்பு தாண்டியவர்களுக்கு இருக்கிற வழி செல்வமகள் சேமிப்புத் திட்டம். அரசு நமக்குப் போட்டுக் கொடுக்கிற பணம் இல்லை அது, நாம் போடுகிற பணம்தான், ஆனால் வட்டி நல்ல வட்டி, 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசு அறிவிக்கும். பத்து வயதுக்குள் போஸ்டாபீஸிலோ வங்கியிலோ தொடங்கலாம், வருடத்துக்குக் குறைந்தது 250, அதிகம் ஒன்றரை லட்சம். பதினைந்து வருடம் கட்ட வேண்டும், கணக்குத் தொடங்கி இருபத்தொரு வருடத்தில் முதிரும். பத்தாவது முடித்ததும் அல்லது பதினெட்டு வயதானதும் மேல்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். போனஸ் வருகிற தீபாவளிச் சமயத்தில் மொத்தமாகப் போட்டுவிடுவேன், மாதா மாதம் என்றால் நம்மால் முடியாது.

இன்னொன்று, என் பெரியவள் அரசுப் பள்ளியில் எட்டாவது. என்எம்எம்எஸ் என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு வருமான வரம்பு மூன்றரை லட்சம், அதனால் எங்களுக்கும் பொருந்தும். எட்டாவது படிக்கும்போது எழுதித் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000. தமிழ்நாட்டுக்கு 6,695 பேர் என்று ஒதுக்கீடு. மனத்திறன் தாள் ஒன்று, படிப்புத் தாள் ஒன்று, இரண்டிலும் 90 கேள்விகள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான் எழுத முடியும். தனியார் பள்ளியில் விட்டிருக்கிறீர்கள் என்று சொன்னீர்களே சகோதரி, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆறாவதுக்குப் போகும்போது யோசித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் மாதம் 1,000 தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்திருக்கிறார்கள்.

என்எம்எம்எஸ் தேறிய பிறகும் பணம் வராமல் நிற்கிற பிள்ளைகள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். வங்கியில் ஆதார் கார்டு நகல் கொடுத்துவிட்டோம், இணைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, அரசுப் பணம் வந்து விழுகிற கணக்கு இதுதான் என்று என்பிசிஐ என்கிற தேசியப் பணப்பரிவர்த்தனை நிறுவனத்தில் சேர்ப்பது வேறு. வங்கியில் போய் இந்த இரண்டாவதை வாய்விட்டுக் கேட்டு, ஆகிவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு வர வேண்டும். குழந்தை பெயரில் கணக்கு இருக்க வேண்டும், அப்பா கணக்கு ஆகாது. ஆதாரில் பிள்ளையின் கைரேகையை ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் புதுப்பிக்க வேண்டும், அது விட்டுப்போயிருந்தாலும் சிக்கல் வரும்.

ஊர்நல அம்மா சொன்னதில் ஒன்றை நான் அடிக்கோடு போடுகிறேன். பெற்றோரில் ஒருவர் என்றுதான் விதி. ஆண்கள் செய்துகொண்டாலும் செல்லும். நான்தான் செய்துகொண்டேன். கத்தி வைக்காமல், தையல் போடாமல் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன், இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். என் மனைவிக்கு இரண்டும் சிசேரியன். மூன்றாவது முறை அவள் வயிற்றில் கத்தி வைக்க விடக் கூடாது என்று முடிவெடுத்தேன். நம் ஊர் ஆண்கள் இதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுகிறார்கள்.

குமாரபாளையம் பொண்ணு:

நான் இந்தத் திட்டத்தில் டெபாசிட் போட்ட பிள்ளைங்க. நானும் தங்கச்சியும். அப்பாவுக்கு விசைத்தறி வேலை. நான் பிறந்தது 2006, அப்போது இரண்டு பெண் குழந்தைகள் என்றால் ஆளுக்கு 15,200தான். 2011 ஆகஸ்டுக்குப் பிறகு பிறந்தவர்களுக்குத்தான் 25,000, 50,000 எல்லாம்.

எனக்குப் பதினெட்டு ஆனதும் வாங்கினோம். அப்போது என்னென்ன கேட்டார்கள் என்று சொல்கிறேன், சின்னக் குழந்தை வைத்திருக்கிற அம்மாக்களுக்குப் பின்னால் உதவும். ஒரிஜினல் ரசீது, பத்தாவது மார்க் ஷீட், பிறப்புச் சான்று, ஆதார், என் பெயரில் வங்கிப் பாஸ்புக், போட்டோ. எல்லாம் யூனியன் ஆபீஸில் சமூக நலத்தில்தான் கொடுத்தோம். பணம் நேராக என் கணக்குக்கு வந்தது. அம்மா அந்த ரசீதை மஞ்சள் பையில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தார், ஓரத்தில் எலி கடித்திருந்தது, நல்லவேளையாக எண் தெளிவாக இருந்தது. ரசீது கைக்கு வந்த அன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து, எண்ணைத் தனியாக ஒரு நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து, பதினாறு வருடம் அதைக் காப்பாற்ற வேண்டும், நடுவில் வீடு மாறுவோம், மழை ஒழுகும்.

ரசீதில் இருக்கிற பெயரும் பள்ளியில் சேர்க்கும்போது கொடுக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் வகுப்பிலேயே ஒரு பிள்ளைக்கு ஜாதகத்துக்காகப் பள்ளியில் பெயரை மாற்றிப் போட்டார்கள், பத்தாவது மார்க் ஷீட்டில் ஒரு பெயர், பாண்டில் ஒரு பெயர். அவளுக்கு ரொம்ப அலைச்சல் ஆகிவிட்டது.

வந்த பணத்தில் முதல் வருடக் கல்லூரிக் கட்டணமும் ஹாஸ்டல் அட்வான்சும் கட்டினோம். புதுமைப் பெண் 1,000 மாதா மாதம் வருகிறது, அதில் பஸ்ஸும் புத்தகமும் ஓடுகிறது. அது வாங்கினால் இது கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை, நான் இரண்டும் வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்த என் தோழிகள் சில பேரைத் தறிக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. அப்பா அந்த ரசீதை எடுத்து மேஜை மேல் வைத்து, இது அவளுக்கு வந்த பணம், அவள் படிக்கட்டும் என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

சென்னிமலை தறிவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பெரியவளுக்கும் உண்டு என்று தெரிந்ததே பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது. நர்ஸம்மாவைப் பார்த்தேன், அவர் நோட்டில் ஆபரேஷன் தேதி இருக்கிறது, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சொசைட்டிப் பாஸ்புக்கிலும் பதிவு போட்டாயிற்று.

ஆனால் வீட்டில் ஒரு சங்கடம். ஆண் குழந்தை இல்லை என்று சான்று வாங்க வேண்டும் என்றதும் மாமியார் முகம் வாடிவிட்டது. அப்படி ஒன்றை சர்க்காரில் எழுதி வாங்கி வீட்டில் வைக்க வேண்டுமா, அது நல்லதா என்கிறார். கெட்டவர் இல்லைங்க, இரண்டு பிள்ளைகளையும் அவர்தான் வளர்க்கிறார், நான் தாரில் உட்கார்ந்தால் சாப்பாடு ஊட்டுவதும் பள்ளிக்கு விடுவதும் அவர்தான். அவர் மனதை நோகடித்துவிட்டு வாங்க எனக்கு இஷ்டம் இல்லை. அந்தச் சான்று இல்லாமல் முடியாதா? அப்புறம் குடும்பப் போட்டோ கேட்பார்களாமே, அதில் மாமியாரும் இருக்கலாமா?

பவானி ஊர்நலம் ஓய்வு:

அந்தச் சான்று இல்லாமல் மனு நிற்காது அம்மணி. ஆனால் உங்கள் மாமியார் நினைப்பது போல அது வீட்டில் வைக்கிற காகிதம் இல்லை, மனுவோடு ஆபீஸுக்குப் போய்விடுகிற காகிதம். வீட்டில் இருக்கப் போவது உங்கள் பெண்கள் பெயர் போட்ட இரண்டு ரசீதுகள். அதைச் சொல்லுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது இந்தச் சங்கடத்தை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாட்டிமார்களை விட்டுவிட்டு மருமகளிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் மனு பாதியில் நின்றுவிடும். அவர்களையே முன்னால் உட்காரவைத்துப் பேசினால் அவர்களே அடுத்த வீட்டுக்காரியையும் கூட்டி வருவார்கள். அதனால் யூனியன் ஆபீஸுக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். விரிவாக்க அலுவலரிடம் அவரே கேட்கட்டும், பேத்திகளுக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று. விசாரணைக்கு வீட்டுக்கு வருகிறவர்களிடம் பதில் சொல்லப் போவதும் அநேகமாக அவர்தானே, நீங்கள் தறியில் இருப்பீர்கள்.

மனுவுக்கான போட்டோவில் நீங்கள், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், நாலு பேர் மட்டும். அதே ஸ்டுடியோவில் மாமியாரையும் சேர்த்து இன்னொன்று எடுத்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள், அன்றைக்குக் கூட்டம் அதிகம் இருக்கும். செவ்வாயோ புதனோ காலையில் போங்கள். சான்றில் டாக்டர் கையெழுத்தும் ஆஸ்பத்திரி முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஆதாரில் இருப்பது போலவே எழுதச் சொல்லுங்கள். ஏதாவது நின்றுபோனால் இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.